கரிமான் போட்ட கையெழுத்து

கரிமானை நான் முதலில் பார்த்தது சோபா ஏற்றுகிற வண்டியில். எகிப்தில் தும்யாத்திலிருந்து எங்கள் மன்சூராவுக்கு மர சாமான் கொண்டுவருகிற மூடுவண்டி அது. ஆம்புலன்சுக்கு மணிக்கணக்காகக் காத்திருந்து பொறுமை போய், தெருக்காரர்கள் அதில் ஒரு மெத்தையைப் போட்டு அவள் அப்பா ஷிஹாதாவைக் கிடத்திக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் தலை ஆடாமல் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "மெதுவா, கதவுல இடிக்காம இறக்குங்க" என்பதுதான். வண்டிக்காரர்களிடம் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை என்று பிறகுதான் தெரிந்தது.

என் பெயர் மெர்வத். அந்த ஆஸ்பத்திரியின் பக்கவாதப் பிரிவில், ஆராய்ச்சிக்கான நர்ஸ். நோயாளியைச் சேர்ப்பது, சொந்தக்காரர்களிடம் கையெழுத்து வாங்குவது, எண் போட்ட புட்டியை எடுத்து ஏற்றுவது, தொண்ணூறாம் நாள் போன் போட்டு எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதுவது, இதெல்லாம் என் வேலை. பதினோரு வருஷம் செய்தேன். எத்தனையோ பேரிடம் பேனாவை நீட்டியிருக்கிறேன். கரிமானின் கையெழுத்து மட்டும் கண்ணில் நிற்கிறது.

அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. தும்யாத்தில் ஒரு மர சாமான் கடைக்கு சோபா உறை தைத்துக்கொண்டிருந்தாள். போர்ட் சயீதில் கட்டிக்கொடுத்து, ஏழாவது மாதமே தையல் மெஷினோடு திரும்பி வந்தவள். ஊர் அதை வாயில் போட்டு மென்றபோது அவள் அப்பா ஒரே பேச்சில் அடக்கிவிட்டாராம்: "மரத்துல பூச்சி இருந்தா கடைக்காரன்கிட்ட திருப்பிக் கொடுக்கத்தான் வேணும். அதுல என்ன வெட்கம்?" ஷிஹாதா மரத்துக்கு மெருகு போடுகிறவர். நாற்பது வருஷமாக அரக்கும் ஸ்பிரிட்டும் தொட்டு நகமெல்லாம் காப்பிப் பொடி நிறம். அம்மா இல்லை. அண்ணன் ரஃபத் குவைத்தில் லாரி ஓட்டினான். வீட்டில் அப்பாவும் மகளும்தான், நாள் முழுக்க ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொண்டு.

"கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்று டாக்டர் ஹைதம் கேட்டார். பக்கவாதத்துக்கு எல்லாமே அந்தக் கேள்விதான்.

"ராத்திரி பத்து மணிக்குத் தயிர் சாப்பிட்டார். சீஸ் டப்பாவைச் சரியா மூடலைன்னு என்னைத் திட்டினார். அப்ப வாய் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். காலையில தொழுகைக்கு எழுப்பப் போனா, வலது பக்கம் தொங்கிக் கிடக்கு."

அப்போது பகல் மணி பதினொன்றரை. மூளைக் குழாயில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். ஷிஹாதாவுக்கு அந்த நேரம் அவர் தூங்கும்போதே போய்விட்டது. ஆனால் எங்களிடம் ஓர் ஆராய்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நேரம் தாண்டி வருகிறவர்களுக்கும் அந்த மருந்து உதவுமா என்று பல நாடுகளில் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையின் படங்களைப் பார்த்துவிட்டு டாக்டர், இவரைச் சேர்க்கலாம் என்றார்.

அவளைத் தனி அறையில் உட்காரவைத்துச் சொன்னோம். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. புட்டி ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். எது எதுன்னு எனக்கும் தெரியாது, இந்த சிஸ்டருக்கும் தெரியாது. மருந்தா இருந்தா நூத்துல ஆறு பேருக்கு மூளையில ரத்தம் கசியலாம்."

"சேரலைன்னா?"

"வழக்கமான வைத்தியம் நடக்கும். சேர்ந்தாலும் அது நடக்கும். இது அதுக்கு மேல."

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள். ரஃபத் லாரி ஓட்டிய எண்ணெய் ஆலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களாம், சாயங்காலம்தான் கொடுப்பார்களாம். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும்.

கரிமான் டாக்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "சிஸ்டர், உங்க அப்பாவா இருந்தா போடுவீங்களா?"

இந்தக் கேள்விக்கு என்ன சொல்லவேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியே கொடுத்திருக்கிறார்கள். "இது உங்கள் முடிவு, நான் சொல்லக்கூடாது." அவ்வளவுதான். நான் அதைச் சொல்லவில்லை. "போட்டிருப்பேன்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்த்து வந்துவிட்டது. டாக்டர் காகிதத்தில் குனிந்திருந்தார். கேட்டாரா இல்லையா தெரியாது.

அவள் கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல முழுப் பெயரையும், அப்பா பெயரையும், தாத்தா பெயரையும் நிறுத்தி எழுதினாள்.

கம்ப்யூட்டர் கொடுத்த எண்ணைப் பார்த்துப் புட்டியை எடுத்து நான்தான் ஏற்றினேன். பன்னிரண்டு நாற்பதுக்கு.

மறுநாள் ஷிஹாதாவின் வலது சுண்டுவிரல் அசைந்தது. நானும் பார்த்தேன். கரிமான் வார்டு முழுக்க ஓடி எல்லோரிடமும் சொன்னாள். "சுண்டுவிரல் வந்துடுச்சு, பெருவிரல் எங்க போயிடும்? வரிசையா வரும் பாருங்க!" பக்கத்துக் கட்டில்காரி சந்தோஷத்தில் ஓர் ஆரஞ்சை உரித்து அவள் வாயில் திணித்தாள்.

மூன்றாம் நாள் காலை அவர் வாந்தி எடுத்தார். குறட்டைபோல மூச்சு. படம் எடுத்தால், செத்துப்போயிருந்த மூளைப் பகுதிக்குள் ரத்தம் நிரம்பியிருந்தது.

பெரிய பக்கவாதத்தில் அது தானாகவும் வரும், மருந்தாலும் வரும். புட்டியில் என்ன இருந்தது என்று திறந்து பார்க்க வழி உண்டு. ஆனால் வைத்தியம் அதனால் மாறும் என்றால்தான் திறக்கலாம். மருந்தாகவே இருந்திருந்தாலும் மூன்றாம் நாள் அது உடம்பில் இருக்காது. அதனால் திறக்கவில்லை. டாக்டர் செய்தது சரி. ஆனால் சரியானதை ஆஸ்பத்திரி நடையில் நின்று ஒருவனுக்கு விளங்கவைப்பது வேறு.

ரஃபத் நாலாம் நாள் விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே வந்தான். அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தான். வெளியே வந்து தங்கையின் எதிரே நின்றான்.

"யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்ட?"

"அண்ணே, எத்தனை தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கல."

"எடுக்கலைன்னா காத்திருக்கணும். சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தா குடியா முழுகிப் போயிருக்கும்?"

"நேரம் ஆயிடும்னு சொன்னாங்க."

"சொல்லுவாங்க. அவங்களுக்கு எலி வேணும். நீ அப்பாவைத் தூக்கிக் கொடுத்துட்ட." பிறகு என்னைப் பார்த்தான். "என்னம்மா ஏத்தின நீ?"

"எங்களுக்கும் தெரியாது. இது..."

"தெரியாதா? கரும்புச்சாறு கடைக்காரன்கூட கிளாஸ்ல என்ன ஊத்துறோம்னு தெரிஞ்சுதான் ஊத்துறான். நீ மனுஷன் நரம்புல ஏத்திட்டுத் தெரியாதுங்கிறியே!"

நடையில் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கரிமான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும், "நான்தான் போடச் சொன்னேன்" என்று. சொல்லவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகு எப்போதும் இல்லை.

ரஃபத் பன்னிரண்டு நாள் இருந்தான். லீவு முடிந்து குவைத்துக்குப் போகும்போது தங்கையிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஷிஹாதா சாகவில்லை. மூன்று வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினோம். பேச்சு இல்லை, வலது பக்கம் இல்லை, விழுங்க வராது. மூக்கில் குழாய். பருப்புச் சூப்பை வடிகட்டி எப்படிக் குழாயில் விடுவது, விட்டபின் அரை மணி நேரம் எப்படி உட்காரவைத்தே பிடித்துக்கொள்வது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படிப் புரட்டுவது என்று கரிமானுக்குக் கற்றுக்கொடுத்தேன். சோபாவுக்குப் பஞ்சு அடைக்கிற கை. அவருடைய குதிகாலுக்கும் இடுப்புக்கும் அவளே சின்னச் சின்னத் தலையணை தைத்தாள். எங்கள் வார்டில்கூட அவ்வளவு நேர்த்தியாக இல்லை. அப்படியும் இரண்டாம் மாதம் முதுகின் அடியில் புண் வந்தது. நெஞ்சில் சளி கட்டி இரண்டு தடவை தும்யாத் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். காலில் ரத்தம் கட்டி வீங்கியது. ஒன்று அடங்கினால் ஒன்று.

தொண்ணூறாம் நாள் போன் செய்தேன். கேள்விகள் அச்சடித்தபடி கேட்கவேண்டும்.

"உதவி இல்லாம நடக்கிறாரா?"

"சிஸ்டர், மூக்குமேல உக்கார்ற ஈயை ஓட்ட முடியல அவரால."

"இல்லைன்னு எழுதிக்கிறேன். சாப்பாடு, குளியல்?"

"எல்லாம் நான்தான்."

"முன்னாடி செஞ்ச வேலை எதையாவது இப்ப..."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என் காகிதத்தில் கட்டம் இல்லை. "நேத்து கட்டில் காலைத் தடவிப் பார்த்தாரு, இடது கையால. மெருகு போயிருக்குல்ல, அதைப் பார்த்தாரோ என்னமோ. எழுதிக்குங்க."

கடைசியில் நிலைமைக்கு ஓர் எண் போடவேண்டும்: பூஜ்யம் என்றால் ஒரு குறையும் இல்லாமல் தேறியவர், ஆறு என்றால் இறந்தவர். நான் ஐந்து என்று எழுதினேன். முடிக்கப் போகும்போது, "புட்டி திறந்தாச்சா?" என்றாள்.

"ஆராய்ச்சி முடிஞ்சாத்தான்மா. இன்னும் ஆள் சேர்த்துக்கிட்டு இருக்காங்க."

"எப்ப முடியும்?"

"ரெண்டு வருஷம், மூணு வருஷம்."

"சரி. நான் இருக்கேன்" என்று சொல்லி வைத்தாள்.

பதினோராவது மாதம், நெஞ்சுச் சளியிலேயே ஷிஹாதா போனார். துக்கத்துக்கு நான் போயிருந்தேன். ரஃபத் வந்திருந்தான். ஆண்கள் பந்தலில் அவன் வரிசையாகக் கை கொடுத்து நின்றான். உள்ளே பெண்கள் பக்கத்தில் அவன் மனைவி சுஹைர்தான் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லாம், "மீதி ஆயுசு உங்களுக்கு" என்று துக்கம் சொல்லி அவள் கையைப் பிடித்தார்கள். பதினோரு மாதம் அவரைப் புரட்டிப் போட்டவள் அடுப்படியில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கிழவி என் காதுபடவே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "அந்தப் பொண்ணுதான். டாக்டருங்க சோதனை பண்ணிப் பாக்க எழுதிக் கொடுத்தாளாமே." சுஹைர் அதை மறுக்கவில்லை. விசிறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கரிமான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். சுகம் கேட்பாள், என் மூட்டுவலியைக் கேட்பாள், கடைசியில் அது வரும். "திறந்தாச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"உப்புத் தண்ணியாத்தான் இருக்கும் சிஸ்டர். எனக்கு மனசு சொல்லுது. உப்புத் தண்ணின்னு தெரிஞ்சுட்டா அண்ணன் என்ன பேசுவான்? ஒண்ணும் பேச முடியாது. வாயை மூடிக்கிட்டு வீட்டுக்கு வருவான்."

அவள் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று எனக்குத் தெரியும். அண்ணன் மகளின் நிச்சயத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. பெருநாளைக்கு அவள் சுட்டு அனுப்பிய பிஸ்கட் தட்டு மூடியபடியே திரும்பி வந்தது. கடை முதலாளியின் மச்சான் ஒருவர், பெண்டாட்டி செத்தவர், நல்ல மனுஷன், பெண் கேட்டு வந்தார். "முதல்ல அந்தப் பதில் வரட்டும்" என்று தள்ளினாள். அவர் எத்தனை நாள் காத்திருப்பார்? வேறு இடத்தில் கட்டிக்கொண்டார்.

அவள் அப்பாவுக்கு ஏற்றி நாலு வருஷமும் இரண்டு மாதமும் ஆனபின் ஆராய்ச்சி முடிந்தது. மருந்து ஏற்றியவர்களும் உப்புத் தண்ணீர் ஏற்றியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறியிருந்தார்கள். நேரம் தாண்டிப் போட்டால் பெரிய பலன் இல்லை. அவ்வளவு பேர், அவ்வளவு நாடு, முடிவு இதுதான். டாக்டர் ஹைதம் தலைமை இடத்துக்கு எழுதிப்போட்டு, கேட்கிற குடும்பங்களுக்கு யாருக்கு எது ஏற்றப்பட்டது என்று சொல்ல அனுமதி வாங்கினார். எங்களிடம் கேட்ட குடும்பம் ஒன்றே ஒன்று.

கரிமான் முதல் பஸ்ஸில் வந்தாள். டாக்டர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பிவைத்தார். "உப்புத் தண்ணிம்மா. உங்க அப்பாவுக்கு மருந்து போகவே இல்ல. அந்த ரத்தக் கசிவு தானா வந்தது. நீங்க கையெழுத்துப் போட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் காகிதத்தை இரண்டு கையாலும் தொட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "முத்திரை போட்டுத் தருவீங்களா?" என்றுதான் கேட்டாள். டாக்டர் போட்டுக் கொடுத்தார். பிறகு என்னிடம், "நீங்களும் வாங்க சிஸ்டர். நான் சொன்னா உளறுவேன்" என்றாள். வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

ரஃபத் அதற்குள் குவைத்தை விட்டு வந்து தும்யாத்தில் செல்போன் கடை வைத்திருந்தான். மதியத் தொழுகை முடிந்து அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனால் உட்காரச் சொன்னான், டீ சொன்னான். பார்க்க ஷிஹாதா மாதிரியே இருந்தான். நான் காகிதத்தைக் கொடுத்து, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவன் இரண்டு தடவை படித்தான்.

"உப்புத் தண்ணியா?"

"ஆமா."

"அப்ப மருந்து போகல."

"போகல. அதனால அந்தக் கசிவுக்கு..."

"இருங்க." அவன் தங்கையைப் பார்த்தான், நாலு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர். "எங்கப்பன் செத்துக்கிட்டு இருந்தாரு. உள்ள மருந்து இருந்துச்சு. இவ அதை விட்டுட்டு, உப்புத் தண்ணி ஏத்துங்கன்னு எழுதிக் கொடுத்திருக்கா. அதானே?"

"அப்படி இல்ல" என்றேன். "அந்த மருந்து ஏத்தினவங்களும் தேறல. ஆராய்ச்சியில அதான் தெரிஞ்சுது. எது போட்டிருந்தாலும்..."

"எது போட்டாலும் ஒண்ணுதான்னா, எதுக்கும்மா போட்டீங்க?"

என்னிடம் பதில் இருந்தது. போட்டுப் பார்த்தால்தானே தெரியும் என்பதுதான் பதில். அந்தக் கடையில், அந்த இரண்டு பேர் நடுவில், அதை எப்படிச் சொல்வது?

"அண்ணே" என்றாள் கரிமான். "மருந்தைப் போட்டுக் கொன்னுட்டேன்னு நாலு வருஷம் சொன்ன. இப்ப மருந்து போடாமக் கொன்னுட்டேங்கிற. ரெண்டுல ஒண்ணைச் சொல்லு. ஒண்ணைச் சொன்னா நான் ஒத்துக்கிட்டுப் போறேன்."

ரஃபத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது, அதை நான் பார்த்தேன். அப்போது ஒரு வாடிக்கையாளர் உடைந்த போனோடு உள்ளே வந்தார். ரஃபத் காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து அவர் பக்கம் போனான். திரும்பி வரவில்லை. கண்ணாடி மாற்ற எவ்வளவு நேரம் ஆகும், எந்தக் கண்ணாடி நல்லது என்று பேசிக்கொண்டே இருந்தான். டீ வந்தது, ஆறியது. கொஞ்ச நேரம் கழித்து நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

பஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நான்தான் பேசினேன். அன்றைக்கு நான் சொல்லித்தானே போட்டாய், என்னைத் திட்டு, அண்ணனிடம் போய் நானே சொல்கிறேன் என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லாட்டியும் போட்டிருப்பேன் சிஸ்டர். விடுங்க."

அது உண்மையா, என்னை ஆற்றச் சொன்னதா, இன்றுவரை தெரியவில்லை.

மாதங்கள் போயின. போன் வரவில்லை. நான் செய்தால் எடுப்பாள், சுகம் சொல்வாள், வைப்பாள். தைக்கிற வேலை குறைந்துவிட்டது, தும்யாத்தில் பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கிக்கிடக்கிறது என்றாள். ரத்த அழுத்தம் இருக்கிறதாம். மாத்திரை சாப்பிடுகிறாயா என்றால், "சாப்பிட்டாலும் ஒண்ணுதான்" என்பாள். எங்கள் ஆராய்ச்சியின் முடிவையே எனக்குத் திருப்பிச் சொல்கிறாளோ என்று திடுக்கென்று இருக்கும்.

கடைசியாக அவளே ஒருநாள் காலையில் கூப்பிட்டாள். நான் ஆபீசில் இருந்தேன்.

"சிஸ்டர், அந்த ஆராய்ச்சியை அச்சுல போட்டிருப்பாங்கல்ல? உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு."

"அதுல அப்பா எங்க இருக்காரு?"

கம்ப்யூட்டரில் திறந்து பட்டியலைப் பார்த்தேன். "பேர் இருக்காதும்மா. இத்தனை பேர்னு எண்ணிக்கை மட்டும்தான்."

"செத்தவங்க எத்தனை பேர்னு இருக்கும்ல. அந்த எண்ணிக்கையில ஒண்ணு அப்பாதானே?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னது போதும் என்று இருந்தது.

"இல்லம்மா. தொண்ணூறாம் நாள் வரைக்கும்தான் கணக்கு. அன்னிக்கு அவர் உயிரோட இருந்தார். படுக்கையில இருக்கிறவங்க எண்ணிக்கையில இருக்கார்."

 மறுமுனையில் அவளுக்குப் பின்னால் யாரோ பூண்டு விற்றுக்கொண்டு போகிற குரல் கேட்டது.

"அப்ப அதுல அவரு இன்னும் சாகல."

"இல்ல."

"அப்படியே கிடக்காரு."

"ஆமாம்மா."

"சரி சிஸ்டர்" என்றாள். "வேலையைப் பாருங்க."

அதற்குப் பிறகு இரண்டு தடவை போன் செய்தேன். எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. தும்யாத்துக்கு ஒருமுறை போனபோது அந்தத் தெருவுக்கும் போனேன். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவளைத் தெரியவில்லை. ரஃபத்தின் கடை திறந்துதான் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போய் என்ன கேட்பது என்று தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன்.